பல்செட்டைச் செய்தவர் யார்?
பதிவேட்டில் பெயர் ஏறிய ஒரு தொழிலின் வரலாறு

நிலைமின்னியல் பாடம் தொடங்கும் நாளில் வகுப்பறைக்கு எபோனைட் தண்டு ஒன்று வந்துவிடும். அந்தக் கறுப்புத் தண்டைக் கம்பளியில் தேய்த்து, காகிதத் துணுக்குகளை அது ஈர்ப்பதை மாணவர்களுக்குக் காட்டுவோம். இதே எபோனைட், 1850களிலிருந்து ஏறத்தாழ 80 ஆண்டுக் காலம் மனிதர்களின் வாய்க்குள் இருந்தது என்று ஒருநாள் வகுப்பில் சொன்னேன். பொய்ப்பற்களைத் தாங்கி நிற்கும் அடித்தட்டு அதனால்தான் செய்யப்பட்டது. பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "சார், அதைப் பல் டாக்டரேவா செய்வார்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. வாயில் அச்சு எடுப்பவரும், செய்து வந்ததைப் பொருத்திப் பார்ப்பவரும் பல் மருத்துவரே. இந்த இரண்டு வேலைக்கும் நடுவில், நோயாளி ஒருபோதும் காணாத ஓர் அறையில், வேறொருவர் அதைச் செய்கிறார். நம் ஊரில் அவரை டென்டல் மெக்கானிக் என்பார்கள். பிரிட்டனிலும் நெடுங்காலம் அதே பெயர்தான்; இப்போது அங்கே பல் தொழில்நுட்பர் என்கிறார்கள். அவர் பெயர் சட்டப்படியான பதிவேட்டில் எப்படி ஏறியது, ஏன் அத்தனை காலம் ஆயிற்று, அந்தப் படிப்பில் சேரும் மாணவரும் படித்து முடித்த இளைஞரும் அதிலிருந்து அறிய வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பொற்கொல்லரும் தந்தக் கடைசலாளரும்

18ஆம் நூற்றாண்டில் பல் கட்டுவது கைவினைஞர்களின் தொழில். தந்தம் கடைபவர், வெள்ளி வேலை செய்பவர், பொற்கொல்லர் ஆகியோர் பக்கத் தொழிலாக இதையும் செய்தனர். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவருக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். அவருக்குப் பல் செய்து கொடுத்த ஜான் கிரீன்வுட், தந்தம் கடையும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வாஷிங்டனின் பற்கள் மரத்தால் ஆனவை என்பது வெறும் கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பற்கள், உலோகக் கம்பிகள் ஆகியவற்றால் ஆனவை அவை.

மனிதப் பற்களுக்கு அக்காலத்தில் நல்ல விலை இருந்தது. வறியவர்கள் தம் பற்களை விற்றார்கள். 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் இறந்து கிடந்த வீரர்களின் வாயிலிருந்தும் பற்கள் பிடுங்கப்பட்டன. அவை 'வாட்டர்லூ பற்கள்' என்ற பெயரோடு செல்வர்களின் வாயில் ஏறின. பீங்கான் பற்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தோன்றியிருந்தாலும் அவை பரவப் பல ஆண்டுகள் ஆயின.

பாஸ்டன் நகரில் பால் ரிவியர் என்ற வெள்ளிக் கொல்லர் இருந்தார். அமெரிக்க விடுதலைப் போரின் வீரர்களுள் ஒருவராக வரலாறு அவரை அறியும். அவர் பொய்ப்பல் கட்டியும் வந்தார். அவருடைய நண்பரான மருத்துவர் ஜோசப் வாரன், 1775இல் பங்கர் ஹில் போரில் உயிரிழந்து, மற்றவர்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு உடலைத் தோண்டி எடுத்தபோது முகத்தைப் பார்த்து அடையாளம் காண இயலவில்லை. வாயில் கம்பியால் கட்டப்பட்டிருந்த பல்லை ரிவியர் கண்டார். அது தம் கைவேலை என்று அறிந்தார். உடல் வாரனுடையது என்பது உறுதியாயிற்று.

செய்தவர் யார் என்று தெரிந்திருந்ததால் ஒரு மனிதர் அடையாளம் காணப்பட்டார். ஆனால் பின் வந்த நூற்றாண்டில் பல் செய்பவரின் பெயரே மறையத் தொடங்கியது. அதற்குக் காரணம் ரப்பர்.

ரப்பர் செய்த புரட்சி

ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். கந்தகத்தின் அளவை மிகுதியாக்கினால் வளையாத, கெட்டியான பொருள் கிடைக்கும். இதற்கு அவர் தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்றார். நம் வகுப்பறை எபோனைட் இதுவே. பல் தொழிலில் இதன் பெயர் வல்கனைட்.

இதற்குச் சற்று முன், 1846இல், பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரை மயக்க மருந்தாகப் பயன்படுத்திக் காட்டியிருந்தார். வலியின்றிப் பல்லைப் பிடுங்க வழி பிறந்தது. பிடுங்கிய இடத்தில் வைக்கத் தங்கத் தட்டுக்குப் பதிலாக மலிவான ரப்பர் தட்டும் கிடைத்தது. முன்பு செல்வர்க்கு மட்டுமே கிட்டிய பல்வரிசை, கடைக்காரருக்கும் தொழிலாளிக்கும் எட்டியது.

செய்முறை இது: வாயின் அச்சிலிருந்து பாரிஸ் சாந்தில் மாதிரி வார்ப்பார்கள். அதன்மேல் மெழுகில் ஈறு அமைத்துப் பீங்கான் பற்களைப் பதிப்பார்கள். மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் ரப்பரை அடைத்து, நீராவிக் கலத்தில் 160 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக வேகவைப்பார்கள். அந்த வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 6, 7 மடங்கு இருக்கும். கலம் வெடித்துக் காயமுற்றவர்களும் உண்டு.

புதிய பொருளோடு வழக்கும் வந்தது. குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி என்ற நிறுவனம், வல்கனைட்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பல் மருத்துவரும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. செலுத்தாதவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தது. இதை முன்னின்று நடத்திய ஜோசையா பேக்கன், 1879 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில், சாமுவேல் சால்பன்ட் என்ற பல் மருத்துவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1881இல் காப்புரிமை முடிந்தது. பிறகு யார் வேண்டுமானாலும் ரப்பர் பல் செய்யலாம் என்ற நிலை வந்தது.

தேவை பெருகப் பெருக, மருத்துவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். வேலை பின்கட்டுக்குப் போயிற்று. சாந்தும் மெழுகும் நீராவியுமாக அங்கே ஒரு தனித்தொழில் வளர்ந்தது. பையன்களாகச் சேர்ந்து, ஆசானிடம் கைப்பழக்கமாகக் கற்று, மெக்கானிக் ஆனார்கள். வெளியே தொங்கிய பலகையில் அவர்கள் பெயர் இல்லை.

பிரிட்டனில் கதவு திறந்து மூடிய கதை

பிரிட்டனில் 1878ஆம் ஆண்டின் பல்மருத்துவர் சட்டம் முதன்முதலாக ஒரு பதிவேட்டை ஏற்படுத்தியது. அதற்குமுன் சந்தையில் பல் பிடுங்குபவரும் பல் மருத்துவரே, கல்லூரியில் படித்தவரும் பல் மருத்துவரே. எனினும் அச்சட்டம் பட்டப்பெயரைத்தான் காத்தது, தொழிலைக் காக்கவில்லை. 'பல் மருத்துவர்' என்று போட்டுக்கொள்ளாமல் வேறு சொல்லை எழுதித் தொங்கவிட்டவர்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

1921இல் வந்த சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. பதிவு இல்லாதவர் பல் மருத்துவம் செய்யக்கூடாது என்றது. அப்போது தொழிலில் இருந்தவர்களை என்ன செய்வது? பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களைத் தேர்வில்லாமலே பதிவேட்டில் சேர்த்துக்கொண்டு, பிறகு கதவை மூடினார்கள்.

வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். எந்தத் தொழிலுக்கும் பதிவேடு பிறக்கும்போது இரண்டு வாயில்கள் இருக்கும். ஒன்று படித்துத் தேர்ந்தவருக்கு. மற்றது முன்பே தொழிலில் இருப்பவருக்கு. இரண்டாம் வாயில் சில ஆண்டுகளே திறந்திருக்கும். அதன்பின் வருகிறவருக்குப் படிப்பு என்ற ஒரே வழிதான்.

1921ஆம் ஆண்டுச் சட்டம் பொய்ப்பல் பொருத்துவதையும் பல் மருத்துவத்தின் பகுதியாகவே வகுத்தது. எனவே பல்லைச் செய்த மெக்கானிக், அதைத் தாமே நோயாளிக்குப் பொருத்த முடியாது. மருத்துவரின் பொறுப்புக்குள் அவருடைய வேலை அடங்கியது. 'மருத்துவர்தானே பொறுப்பு, மெக்கானிக்குக்குத் தனிப் பதிவேடு எதற்கு?' என்ற எண்ணம் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு நிலைத்தது.

அவருடைய வேலை சிறிதா என்றால் அதுவும் இல்லை. 1948 ஜூலை 5இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. பல்செட் இலவசம் என்றதும் மக்கள் திரண்டார்கள். செலவு மிகவே, 1951இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தது. அதை எதிர்த்து, அந்தப் பணியைத் தோற்றுவித்த அமைச்சர் அனைரின் பெவன் பதவி விலகினார். பொய்ப்பல் ஓர் அரசாங்கத்தையே உலுக்கிய பொருளாயிற்று. 1968இல் எடுத்த கணக்கின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் வயது வந்தோரில் 100க்கு 37 பேருக்கு ஒரு பல்கூட இல்லை. இத்தனை பேருக்கும் பல் செய்தவர்கள் சட்டப் பதிவேடு எதிலும் பெயரில்லாதவர்கள்.

அதே 1948, இந்தியாவில்

இங்கே ஒரு வியப்பான செய்தி. அதே 1948இல், சில மாதங்களுக்கு முன்பு, விடுதலை பெற்று ஓராண்டும் நிரம்பாத இந்தியா தன் பல்மருத்துவர் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் மருத்துவரோடு நிற்கவில்லை. பற்களைத் துப்புரவு செய்யும் பணியாளர், பல்வரிசையும் பல் சாதனங்களும் செய்கிற அல்லது பழுதுபார்க்கிற டென்டல் மெக்கானிக் என இருவரையும் வரையறுத்தது. அவர்களுக்கென மாநிலங்களில் தனித்தனிப் பதிவேடுகளுக்கும் வழி செய்தது. மருத்துவர் பதிவேட்டில் 'அ', 'ஆ' என்று இரு பகுதிகள். பட்டம் பெற்றவர் முதற்பகுதியில். பட்டமின்றி ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொழில் செய்து வந்தவர் இரண்டாம் பகுதியில். நாம் முன்பு கண்ட இரண்டு வாயில்கள் இங்கும் இருந்தன அன்றோ!

ஆக, பல் செய்பவருக்குச் சட்டப் பதிவேடு என்ற எண்ணம் பிரிட்டனில் கட்டாயமாவதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியச் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல்மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றியது. மன்றத்தின் பெயர் மாறினாலும், செய்பவர் யார் என்று எழுதி வைக்கும் தேவை மாறாது.

பதிவேடு எதற்கு?

பல்லைச் செய்வது கைப்பழக்கம் மட்டும்தானே, அதற்குப் படிப்பும் பதிவும் எதற்கு என்று கேட்கலாம். பௌதிகம் இதற்கு விடை சொல்லும்.

எந்தப் பொருளும் உருமாறும்போது அளவு மாறும். சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் டாகர்ட் 1907இல் மெழுகு வார்ப்பு முறையில் தங்கத்தைப் பல்குழிக்கு ஏற்ப வார்த்துக் காட்டினார். சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் கையாளும் அதே தத்துவம்தான். ஆனால் உருகிய தங்கக் கலவை உறைந்து குளிரும்போது நீளத்தில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்கும். சிலைக்கு இது பெரிதில்லை. பல்லுக்கோ இது பெருங்குறை. ஏனெனில் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் 20 மைக்ரான் தடிப்புள்ள ஒரு தாள் சிக்கினாலும் மனிதர் உணர்ந்துவிடுவார். அது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எனவே தங்கம் சுருங்கும் அளவுக்கு, சூட்டில் விரியும் சிலிக்கா கலந்த சாந்தில் அச்சு செய்ய வேண்டும்.

1937 வாக்கில் வல்கனைட்டின் இடத்துக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக் வந்தது. இதன் மூலப்பொருளான மெத்தில் மெத்தாக்ரிலேட் திரவம் இறுகும்போது கன அளவில் 21 விழுக்காடு சுருங்கிவிடும். முன்பே இறுகிய தூள் மூன்று பங்கு, திரவம் ஒரு பங்கு எனக் கலந்தால் சுருக்கம் 7 விழுக்காடாகக் குறையும். வேகவைக்கும்போது அவசரப்பட்டால் தட்டில் நுண்துளைகள் விழும். திரவம் முழுதும் இறுகாமல் எஞ்சினால் ஈறு புண்ணாகும். கலவையில் ஒரு பங்கு தவறியது நோயாளிக்குத் தெரியாது, வலிதான் தெரியும்.

செய்பவருக்கும் ஆபத்து உண்டு. வார்ப்புச் சாந்தைத் தகர்ப்பதிலும், மணலைப் பீய்ச்சி உலோகத்தைத் துப்புரவு செய்வதிலும் சிலிக்கா தூசி பறக்கும். அமெரிக்காவில் ஐந்து மாநிலங்களில், 1994 முதல் 2000 வரை, பல் தொழில்நுட்பர் ஒன்பது பேருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டிருந்ததாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2004இல் அறிவித்தது. அது குணமாகாத நோய். எந்தத் தூசி கொல்லும், எந்த உறிஞ்சி தேவை என்பதைப் படிப்பு சொல்லித் தரும். ஆசானின் தோளுக்குப் பின்னால் நின்று கற்றவர், ஆசானின் இருமலையும் சேர்த்தே பெற நேரும்.

2008: பெயர் ஏறியது

பிரிட்டனில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பொதுப் பல்மருத்துவ மன்றம், 2006 ஜூலை 31இல் பல் தொழில்நுட்பர்களுக்கும் பல் மருத்துவச் செவிலியர்களுக்கும் தன் பதிவேட்டைத் திறந்தது. இரண்டாண்டு அவகாசம் தந்தது. பட்டயம் இல்லாவிட்டாலும் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் அந்த அவகாசத்தில் பதிந்துகொண்டார்கள். 2008 ஜூலை 31இல் இரண்டாம் வாயில் மூடியது. அதற்குப் பின் பதிவில்லாதவர் 'பல் தொழில்நுட்பர்' என்று சொல்லிக்கொள்வது சட்டத்துக்குப் புறம்பு.

அங்கே இன்று ஒரு மாணவரின் பாதை எப்படி? முதலில், மன்றம் ஏற்ற படிப்பில் சேர வேண்டும். படிக்கும் காலத்தில் அவர் பெயர் பதிவேட்டில் ஏறாது. பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் 'மாணவர்' அல்லது 'பயிற்சியாளர்' என்ற பெயரிலேயே வேலை செய்வார். தேர்ந்தபின் விண்ணப்பம். தகுதிச் சான்று, நன்னடத்தைக்கும் உடல்நலத்துக்குமான சான்று அல்லது உறுதிமொழி, தம் தவற்றால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் ஈடுகட்டும் காப்பீடு, கட்டணம் ஆகியவை வேண்டும். பதிந்துவிட்டால் போதாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2018இல் வந்த விதிப்படி ஐந்தாண்டுக்கு 50 மணி நேரம் தொடர்கல்வி பெற்றதற்குச் சான்று காட்ட வேண்டும். மேற்பயிற்சி பெற்றவர்கள், தனிப் பிரிவில் பதிந்து, பற்களே இல்லாத நோயாளிகளுக்குத் தாமே முழுப் பல்வரிசை செய்து பொருத்தலாம். 1921இல் பூட்டிய கதவு இவ்வளவு திறந்திருக்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கெனத் தனித்தனியாகச் செய்யப்படும் பல், மருத்துவச் சாதனம் என்று ஐரோப்பிய விதிகள் 1993இலேயே வகுத்திருந்தன. செய்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும், எந்த மருத்துவர் எழுதித் தந்ததன்பேரில் செய்யப்பட்டது என்பதும் அடங்கிய அறிக்கை ஒன்று அதனுடன் வர வேண்டும். 2010 முதல் அந்த அறிக்கை நோயாளி கேட்டால் கிடைக்க வேண்டும் என்றாயிற்று. பதிவேட்டையும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பால் ரிவியர் தம் கம்பியைக் கண்டு "இது என் வேலை" என்று சொன்னார். பொறுப்பேற்கும் அதே சொல்லைத்தான் இப்போது சட்டம் எழுத்தில் கேட்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் செய்யும் பல் பழுதற்றதாகிவிடாது. ஆனால் பழுது நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியும். தவறு செய்தவரை நீக்க ஒரு பட்டியல் இருக்கும். நன்றாகச் செய்பவர், தமக்கும் ஒரு பெயர் உண்டு என்று தலை நிமிரலாம்.

இன்று சிர்க்கோனியாக் கட்டியைக் கணினி செதுக்குகிறது. சூளையில் வேகும்போது அது நீளத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுருங்குவதால், முன்கூட்டியே பெரிதாகச் செதுக்க வேண்டும் என்பதையும் கணினியே கணக்கிடுகிறது. இயந்திரம் செய்த பல்லுக்குப் பொறுப்பாளி யார்? அளவுகளைக் கொடுத்து, விளைந்ததைக் கையில் ஏந்திச் சோதித்து, "சரி" என்று அனுப்புகிறவரே. இயந்திரத்தின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது.

என் பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சான்றிதழோடு வந்தார். விளம்பரம் பார்த்து, வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, ஒரு பயிற்சி நிலையத்தில் பல் தொழில்நுட்பம் படித்திருந்தார். கை வேலை நேர்த்தியாக இருந்தது. ஆனால் அந்தப் படிப்புக்கு மன்றத்தின் ஏற்பு இல்லை, பதிவு கிடைக்கவில்லை. நல்ல கை இருந்தும், மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. சேருமுன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த ஆண்டுகள் வீணாகியிரா.

ஆகவே இத்துறையில் சேர விரும்பும் மாணவர்களே, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், "இதைப் படித்தால் பதிவேட்டில் என் பெயர் ஏறுமா?" என்று கேளுங்கள். பதிலை நிலையத்தின் விளம்பரத்தில் தேடாமல், பதிவு செய்யும் மன்றத்திடமே தெரிந்துகொள்ளுங்கள். அனுபவத்தை மட்டும் காட்டி நுழையும் காலம் முடிந்துவிட்டது.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. நாளை நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவரோ பல் கட்டிக்கொள்ளப் போகும்போது, மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள்: "டாக்டர், இதைச் செய்தவர் யார்?" கேட்பவர் பெருகினால், பின்கட்டில் குனிந்து வேலை செய்யும் அந்த மனிதரின் பெயர் முன்வாசலுக்கு வந்தே தீரும்.